ஒழுகும் துப்பாக்கி

என் மகள் துப்பாக்கி செய்கிறாள். இதை நான் முதன்முதலாக வெளியில் சொன்னது மணலூர்பேட்டையில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில். பெருமையாகத்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிவிட்டேன். எதிர் பெஞ்சில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தவர் லீவில் வந்திருக்கும் போலீஸ்காரர் என்பது, அவர் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“இன்னா செய்யுது பொண்ணு?” என்றார்.

“துப்பாக்கிங்க. கம்ப்யூட்டர்ல.”

“கம்ப்யூட்டர்ல எப்புட்றா துப்பாக்கி செய்வாங்க?”

“வீடியோ கேமுக்குங்க. பசங்க ஆடறாங்கல்ல, செல்ல கையில வச்சிக்கினு, குனிஞ்ச தலை நிமிராம. அதுல வர்ற துப்பாக்கிய வரையறது எம் பொண்ணு.”

“சுடுமா?”

“கேமுக்குள்ள சுடும்.”

அவர் கிளாஸை மறுபடி எடுத்துக்கொண்டார். “அப்ப லைசென்சும் கேமுக்குள்ளயே வாங்கிக்கச் சொல்லு” என்றார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். என்னை வைத்து யார் சிரித்தாலும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவது என் சுபாவம். தனியாக நின்று கோபப்படுவதைவிட அதில் அலைச்சல் குறைவு.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் மருந்துக் கடை என்றால் பூச்சிமருந்து, உரம், விதை விற்கிற கடை. மாத்திரை விற்கிற கடைக்கு மெடிக்கல் என்று பெயர். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் மாமனாருக்கு மட்டும் தெரியாமல் போனது. அவர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். பெண் பார்க்க வந்த தரகர் “மாப்ள மருந்துக் கடை வச்சிருக்காரு” என்று சொன்னபோது, வெள்ளைக் கோட்டு போட்டு, டாக்டர் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஒரு படித்த மாப்பிள்ளையை அவர் மனதுக்குள் நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரும் தப்பாகக் கேட்கவில்லை. அந்த ஒரு சொல் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டது.

கல்யாணமாகி மூன்றாம் நாள் என் மனைவி தலைவலி என்று கடைக்கு வந்தாள். உள்ளே நுழைந்து சுற்றிலும் பார்த்தாள். அலமாரி முழுக்க மண்டையோடு போட்ட பாட்டில்கள். சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த, பூச்சிமருந்து அடிக்கிற டேங்குகள். தரையில் யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து நான் ஒரு பழைய டேங்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஒரு தலவலி மாத்திர குடுங்க” என்றாள்.

“அது மெடிக்கல்ல கிடைக்கும்மா” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தாறு வருடமாகிறது, அந்தப் பார்வையை அவள் இன்னும் முழுவதுமாக எடுக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டும் போகவில்லை. அந்தக் கல்யாணம் நடந்ததே அந்தத் தப்பால்தான் என்பதால், நான் எந்தத் தப்பையும் அவசரப்பட்டுத் திருத்துவதில்லை. இந்த விஷயம் பின்னால் உதவப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மகள் சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமும் அவள் செய்தது பெட்டியும் பீப்பாயும்தான். கேமில் சண்டை நடக்கிற இடத்தில் சும்மா கிடக்கும் மரப்பெட்டி, நசுங்கிய பீப்பாய், கால் உடைந்த நாற்காலி. ஆடுகிறவன் அதன் பின்னால் ஒளிந்துகொள்வான், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். “என்னோட பீப்பா நானூறு பேர காப்பாத்தியிருக்கும்ப்பா, ஒருத்தன் தேங்க்ஸ் சொல்லல” என்பாள்.

அப்புறம்தான் முதன்முதலாக ஒரு ஆயுதம் அவள் கைக்கு வந்தது. வேறொரு கிரகத்தில் குடியேறிய மனிதர்கள், அங்கே தரைக்குள்ளிருந்து வருகிற ஜந்துக்களோடு சண்டை போடுகிற கேம். அதில் ஆடுகிறவன் கையில் முதலில் கிடைக்கிற ஆயுதம் இவள் வரைய வேண்டியது. மூன்று தடவை காட்டலாம். மூன்றாவதும் திரும்பி வந்தால் ஆயுதம் வேறு ஒருத்தருக்குப் போகும், இவள் மறுபடி பீப்பாய்க்குப் போவாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து, கடைக்கு மேல்மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

முதல் துப்பாக்கி ஏற்கனவே திரும்பி வந்திருந்தது. நான் பார்த்தேன். வெள்ளையாக, நீளமாக, ஓரத்தில் நீலக் கோடு மின்னிக்கொண்டு, கொள்ளை அழகு. அவளுடைய மேலாளர் ஒரு பெண். அவர் போனில் பேசியதை மகள் எனக்கு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாள்.

“அழகா இருக்கு. ஆனா இத நான் மூணு கேம்ல பாத்துட்டேன். அந்த மூணையும் வரஞ்சவங்க ஒரே படத்த பாத்துட்டு வரஞ்சிருக்காங்க. நீயும் அதே படம்தான் பாத்திருக்க.”

மகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அந்தப் படத்தை அவளை மடியில் உட்காரவைத்துக் காட்டியவன் நான்தான். அதனால் குற்றத்தில் எனக்கும் பாதி பங்கு.

“வேற படம் பாக்கலாம்மா” என்றேன். “படம்னு வந்துட்டா உங்கப்பனவிட்டா யாரு.”

பெருமைக்குச் சொல்லவில்லை. காலேஜ் போகிறேன் என்று பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் இறங்கி, கொட்டகைக்குள் போய்விடுகிற ஆள் நான். தமிழில் பேசவைத்துக் கொண்டுவரும் விண்வெளிப் படங்கள் எதையும் விட்டதில்லை. வேற்றுக்கிரகத்து ராஜா அசல் மதுரைத் தமிழில் மிரட்டுவான், நாங்கள் விசில் அடிப்போம். டிகிரி வாங்கவில்லை என்றாலும் எந்தப் படத்தில் எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை குழாய் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். அதற்குப் பரீட்சை வைக்க ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

ஆகவே மத்தியான வேளைகளில் கடையைப் பக்கத்து சைக்கிள் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாடியில் மகளோடு படம் பார்த்தேன். அது படம் பார்ப்பதே இல்லை. துப்பாக்கி வந்தால் நிறுத்திவிடுவாள். பெரிதாக்குவாள். பத்து நிமிஷம் வெறித்துக்கொண்டிருப்பாள்.

“ஹீரோயின் விழுந்துட்டாம்மா, தூக்க வுடு” என்பேன்.

“அவ விழுந்து நாப்பது வருஷம் ஆவுதுப்பா. இன்னும் பத்து நிமிஷம் கெடக்கட்டும்.”

அப்படி நிறுத்தி நிறுத்தித்தான் பல விஷயம் எனக்குப் புரிந்தது. விண்வெளித் துப்பாக்கி என்று நான் வாயைப் பிளந்து பார்த்தது, யாரோ ஒரு பழைய நிஜத் துப்பாக்கியை எடுத்து, அதன் தலையில் கேமரா பாகத்தையும், வயிற்றில் ரேடியோ திருகையும், வாலில் தண்ணிக் குழாயையும் ஒட்டியதாம். பட்ஜெட் இல்லாமல் செய்த வேலை. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கேம் செய்யப் போனபோது, அந்த ஒட்டுவேலையைத்தான் எதிர்காலம் என்று வரைந்தார்கள். இப்போது அந்தக் கேமை ஆடி வளர்ந்தவர்கள் படம் எடுக்கிறார்கள், கேமைப் பார்த்துத் துப்பாக்கி செய்கிறார்கள்.

“படத்துல நீல லைட்டு சும்மா அழகுக்கு எரியுது. கேம்ல அதுக்கு வேல உண்டுப்பா” என்று மகள் விளக்கினாள். “குண்டு கம்மியாவ கம்மியாவ லைட்டும் கம்மியாவும். ஆடறவன் நம்பர பாக்க வேணாம், துப்பாக்கிய பாத்தாவே தெரியும்.”

“டீசல் முள்ளு மாதிரி.”

“அதேதான். அப்பறம் படத்துல ஹீரோ மூஞ்சி தெரியும். கேம்ல மூஞ்சே தெரியாது. ரெண்டு கையும் துப்பாக்கியும்தான் தெரியும், மணிக்கணக்கா. துப்பாக்கிதான்ப்பா மூஞ்சி.”

அதைக் கேட்டதும் எனக்கு அந்த வேலைமேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. மரியாதை வந்தால் நான் உதவி செய்ய ஆரம்பித்துவிடுவேன். அதுதான் ஆபத்து.

இரண்டாவது துப்பாக்கி என் யோசனை. கள்ளக்குறிச்சி கொட்டகையில் நான் மூன்று தடவை பார்த்த ஒரு படத்தில் வில்லன் வைத்திருந்தது: உருளை மாதிரி, சுற்றிக்கொண்டே இருக்கும், நடுவில் சிவப்புக் கண். மகள் மனமில்லாமல்தான் வரைந்தாள். அப்போது சத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. விண்வெளித் துப்பாக்கி ‘ப்யூ’ என்று சுடுகிறதே, அந்தச் சத்தத்தை ஒரு காலத்தில் உயரமான கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் கம்பியை அடித்துத்தான் எடுத்தார்களாம்.

“கரண்டு கம்பத்துக்கு ஸ்டே கம்பி இருக்குதே, அது மாதிரியா?”

“அது மாதிரிதான்னு நெனக்கறேன்.”

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். எங்கள் கடைக்கு எதிரே ஒரு கம்பம், அதிலிருந்து சாய்வாக இறங்கித் தரையில் புதைந்த ஸ்டே கம்பி. மகள் மாடியிலிருந்து போனில் பதிவுசெய்யத் தயாராக நின்றாள். கம்பியில் காதை வைத்துக்கொண்டு, ஸ்பேனரால் ஓங்கி ஒன்று வைத்தேன்.

ப்யூ!

சத்தியமாகச் சொல்கிறேன், அதே சத்தம். ஐம்பது வயதில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொட்டகையில் கேட்டது இத்தனை நாளாக என் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது. இன்னொரு அடி வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தெரு முழுக்கக் கரண்டு போனது.

எதிர்வீட்டு அம்மா வெளியே வந்தார். கையில் கரண்டி. “இன்னா சாமி, கரண்டு கம்பத்த அடிச்சிக்கினு நிக்கறீங்க? மிக்சியில சட்னி பாதியில நின்னுப் போச்சு!”

“நான் கம்பியதான்ம்மா அடிச்சேன். கம்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

“சம்பந்தமில்லாததயா கட்டி வச்சிருக்கான்?”

அதற்குள் தெருவே கூடிவிட்டது. கரண்டு வழக்கமாகப் போகிற கரண்டுதான், ஆனால் அன்றிலிருந்து எங்கள் தெருவில் எப்போது கரண்டு போனாலும் முதலில் என் கடையைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். என் மனைவி வாசலுக்கு வந்து, கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தைதான் சொன்னாள். “மெடிக்கல் வச்சிருந்தா இந்தப் பிரச்சன இல்ல.”

அந்த உருளைத் துப்பாக்கியும் திரும்பி வந்தது. “போன தடவ பாத்த படத்துக்கு முந்தின படம் இது” என்று மேலாளர் சொன்னாராம். “நீ வாழற ஊர்லருந்து ஒரு பொருள் கூட இதுல இல்லையே?”

அன்றைக்கு மகள் சாப்பிடவில்லை. மாடியில் போய் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பீப்பாய் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “பழகிக்கறேன்ப்பா” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் எப்போதும் சிரிக்கிற ஆள் என்பதால், எந்தச் சிரிப்பு சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாவது.

இரண்டு நாள் கழித்து, கல்வராயன் மலைக்குப் போக வேண்டியிருந்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் மரவள்ளி போடுகிற ஒருவர், பல வருடமாக என் வாடிக்கைக்காரர். அவருடைய டேங்கு ரிப்பேருக்கு வந்து என்னிடம் இருந்தது. மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்துவிட்டது, அவசரம், கீழே இறங்க நேரமில்லை, கொண்டுவந்து கொடுங்கள் என்று போன் பண்ணினார். டேங்கு என்றால் முதுகில் பை மாதிரி மாட்டிக்கொள்வது. இடது கையால் ஒரு நெம்புகோலை மேலும் கீழும் அடித்துக்கொண்டே, வலது கையில் பிடித்த குழாயால் மருந்து அடிக்க வேண்டும். அந்தக் குழாய்க்கு எங்கள் பக்கம் பெயர் ‘கன்’. “அண்ணே, ஒரு கன் குடு, பழசு ஒழுவுது” என்று தினமும் யாராவது வந்து நிற்பார்கள். இருபத்தெட்டு வருடமாகக் கன் விற்கிறேன். இதைக் கவனியுங்கள். நான் கவனிக்கவில்லை.

“நீயும் வாம்மா” என்று மகளைக் கூப்பிட்டேன். “பாறை, மரம்னு ஏதாவது ஃபோட்டோ எடுத்துக்க. பீப்பாய்க்குப் பின்னால வைக்க ஒதவும்.”

முறைத்தாள். ஆனால் வந்தாள்.

விடிந்ததும் பைக்கில் கிளம்பினோம். டேங்கை அவள் முதுகில் மாட்டிக்கொண்டாள், வேறு வழியில்லை. கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏற ஏறப் பனி இறங்கிக்கொண்டே வந்தது. வளைவுகளில் ஹார்ன் அடித்தபடி ஊர்ந்தோம். போய்ச் சேர்ந்தபோது மரவள்ளிக் கொல்லையே கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு சுவர்தான் இருந்தது.

வாடிக்கைக்காரர் டேங்கை வாங்கி, குலுக்கிப் பார்த்தார். “ஒழுவாதுல்ல?”

“புது வாஷர் போட்டிருக்கேன்.”

“போன தபாவும் இதேதான் சொன்னீங்க.”

மருந்தைக் கலந்து டேங்கில் ஊற்றினார். மேலுக்கு அவர் வீட்டுக்காரியின் பழைய முழுக்கைச் சட்டை, முதுகில் கிழிந்தது. வாயைச் சுற்றித் துண்டு. கண்ணுக்கு, பேரன் திருவிழாவில் வாங்கிய பச்சைக் கண்ணாடி. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து மேலே தூவி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். அப்புறம் பனிக்குள் போய்விட்டார். நானும் மகளும் வரப்பில் நின்றோம். ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. நெம்புகோல் ‘க்ளக், க்ளக்’. அப்புறம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஒன்று.

வரிசை முடிந்து அவர் எங்களை நோக்கித் திரும்பி வந்தார். முதலில் பச்சைக் கண் இரண்டு. அப்புறம் முதுகில் ஒரு கூன். அப்புறம் நீட்டிய கையில் குழாய், அதன் முனையில் விசிறி மாதிரி ஒரு புகை. பனி அவரைச் சுற்றி விலகி வழிவிட்டது. நான் எந்தக் கொட்டகையிலும் அப்படி ஒரு ஆள் திரைக்குள் வந்து பார்த்ததில்லை.

“அப்பா” என்று மகள் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. “அசையாத.”

போனை எடுத்துப் படம்பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் பதறிப்போனார். “பாப்பா, வேணாம்மா! சட்ட கிழிஞ்சிருக்குது! வேற போட்டுக்கினு வரேன், அப்பறம் எடு!”

“வேணாம்ங்க! இப்படியே நில்லுங்க. மண்ண ஏன் தூவுனீங்க?”

“காத்து எந்தப் பக்கம்னு பாக்கத்தான். எதுக்காத்துல அடிச்சா மருந்து நம்ம மேலயே வுழும். பூச்சி சிரிச்சிக்கினு இருக்கும், நாம ஆஸ்பத்திரில கெடப்போம்.”

“கை நின்னா?”

“கை நின்னா டேங்குக்குள்ள காத்து கம்மியாயிடும், கன்னுல வராது. நடந்துக்கினே அடிக்கணும், அடிச்சிக்கினே நடக்கணும்.”

மகள் என்னைப் பார்த்தாள். “படத்துல எந்தத் துப்பாக்கியாவது காத்தப் பத்திக் கவலப்பட்டிருக்குதாப்பா?”

யோசித்தேன். ஒன்றுகூட இல்லை.

“அந்த ஜந்து எப்படிம்மா இருக்கும், உங்க கேம்ல?” என்று அப்போதுதான் கேட்டேன். அத்தனை நாளில் முதல் தடவையாக. அவள் போனில் படத்தைக் காட்டினாள். ஆறு கால். கொடுக்கு. தலையில் பழுப்புத் தொப்பி மாதிரி ஓடு.

“இது கரும்புல வர்ற குருத்துப்பூச்சி மாதிரியில்ல இருக்குது!”

“பூச்சிதான்ப்பா. பெரிய பூச்சி.”

பூச்சியைக் கொல்ல என்ன செய்யலாம் என்று ஒரு பூச்சிமருந்துக் கடைக்காரனிடம் பெற்ற மகள் வந்து கேட்டிருக்கிறாள். அவன் சிவப்புக் கண் வைத்த உருளைத் துப்பாக்கி செய் என்று சொல்லியிருக்கிறான். இதை நான் யாரிடமும் சொல்வதாக இல்லை. எழுதுவது வேறு.

வாடிக்கைக்காரர் இதற்குள் குழாயை என் மூக்குக்கு நேரே நீட்டினார். குழாயும் கைப்பிடியும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அவர் நடந்துவந்த வழி முழுக்க மண்ணில் புள்ளி புள்ளியாக ஈரக்கோடு.

“புது வாஷரு?” என்றார்.

“மலைக்காத்துக்கு அது சுருங்கிடுச்சி போல” என்றேன். மகள் அந்தச் சொட்டையும் படம் எடுத்துக்கொண்டாள். அப்பனின் மானத்தை ஆவணப்படுத்துகிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேலாளரோடு வீடியோ அழைப்பு. மகள் மாடி அறையில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். நானும் மனைவியும் படிக்கட்டில். கரண்டு போகக் கூடாதே என்று எதிர்வீட்டு அம்மா தன் மிக்சியைப் போடாமல் வைத்திருந்தார். கரண்டு போவதற்கும் மிக்சிக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லவில்லை.

மகள் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். முதுகு டேங்கு, உள்ளே மருந்து குறைவது வெளியே தெரிகிற மாதிரி. நீல லைட்டே இல்லை. இடது கை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் வீச்சு குறையும். காற்று மாறினால் ஆடுகிறவனே மாட்டிக்கொள்வான். கிழிந்த சட்டை. பச்சைக் கண்ணாடி.

“இந்தப் புள்ளி புள்ளியா இருக்கே, அது என்ன?” மேலாளர் கேட்டார்.

“ஒழுகறது. அவன் போற வழியெல்லாம் சொட்டும். பூச்சி அந்தக் கோட்டத் தாண்டி வராது. ஆனா மோப்பம் புடிச்சி அவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சிக்கும். நல்லதும் கெட்டதும்.”

என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

“இதுல குண்டுக்குப் பதிலா போடறதுக்குப் பேரு என்ன?” என்றார் மேலாளர்.

“மருந்து” என்றாள் மகள். எங்கள் ஊர்ப் பழக்கம், வாயில் வந்துவிட்டது.

“ஓ! மருந்தா? அப்போ நம்ம ஆளுங்க மேல அடிச்சா அவங்க பொழச்சிக்குவாங்களா? ஒரே டேங்க், பூச்சிக்கு விஷம், ஆளுக்கு மருந்து. நல்லா இருக்கே!”

மகள் வாயைத் திறந்தாள். இல்லைங்க, எங்க ஊர்ல மருந்துன்னா, என்று அவள் ஆரம்பிக்கப் போவது எனக்குத் தெரிந்தது. நேர்மையான பெண், அவள் அம்மா மாதிரி. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நான் படிக்கட்டிலிருந்து எழுந்து, இரண்டு கையையும் ஆட்டி, தலையையும் ஆட்டி, வேண்டாம் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைச் சுட்டிக் காட்டினேன். இப்படித் திருத்தாமல் விட்ட ஒரு மருந்தால்தான் நீயே பிறந்தாய் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சைகையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மகளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

“ஆமாங்க. கன்னு முனையில ரெண்டு நாசில். ஒண்ணுல அடிச்சா பூச்சி சாவும். இன்னொண்ணுல அடிச்சா ஆள் எழுந்துக்குவான்.”

“இத எந்தப் படத்துல புடிச்ச?” என்றார் மேலாளர்.

“படத்துல இல்லைங்க. எங்கப்பா கடையில.”

என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கடசியா ஒரு தடவ மெடிக்கல் ஆயிட்டீங்க” என்றாள்.

மகள் பீப்பாய்க்குத் திரும்பவில்லை. மறுவாரம் சென்னைக்குப் போனாள். இப்போது அவளிடம் இரண்டாவது ஆயுதம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு நான் எந்த யோசனையும் சொல்லக் கூடாது என்று அம்மாவும் மகளும் சேர்ந்து உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஸ்பேனர் இன்னும் மனைவியிடம்தான் இருக்கிறது.

கேம் பாதி முடிந்த நிலையில் ஆடிப் பார்க்கிற ஒரு வீடியோவை மகள் எனக்கு மட்டும் காட்டினாள். வெளியே காட்டலாம் என்று கம்பெனி சொன்ன பிறகு, மலையிலிருந்து டேங்கோடு வந்த வாடிக்கைக்காரரைக் கடையில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, போனை அவர் கையில் கொடுத்தேன். பனி மூடிய ஒரு கிரகம். உள்ளேயிருந்து பச்சைக் கண் இரண்டு வருகிறது. கூன். குழாய். ‘க்ளக், க்ளக்’. விசிறி மாதிரி புகை. பூச்சி சுருண்டு விழுகிறது. பக்கத்தில் அடிபட்டுக் கிடந்தவன்மேல் அடிக்கிறான், அவன் எழுந்து உட்கார்கிறான்.

அவர் இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“சட்டய தெச்சிட்டாவது போட்டிருக்கலாம் உங்க பொண்ணு” என்றார்.

“அதான் அழகுங்களாம்.”

“இன்னாது இது, தரையில சொட்டு சொட்டா?” இன்னும் உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அங்கயும் ஒழுவுதே! அங்கயும் நீங்கதான் ரிப்பேரா?”

சைக்கிள் கடைக்காரர் வரைக்கும் கேட்கிற மாதிரி நான்தான் முதலில் சிரித்தேன். அவருடைய டேங்கைப் பிரித்து, வாஷரை மாற்றி, தண்ணீர் ஊற்றி, கைப்பிடியை இறுக்கினேன். அவர் முதுகில் மாட்டிக்கொண்டு கடை வாசலில் நின்று நெம்புகோலை அடித்தார். இரண்டு பேரும் குனிந்து, குழாய் சேரும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், மெதுவாக, ஒரு சொட்டு திரண்டது.